சரி சொல்லும் கசற்

எனக்குப் பொறுமை குறைவு. சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வந்தவளிடம் இருக்கக்கூடாத குறை அதுதான் என்று எங்கள் அதிபர் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறார். ஆனால் தொண்ணூற்றைந்தில், அச்சுவேலிப் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றில் மூன்றாம் வகுப்புக்கு ஆங்கிலம் படிப்பிக்க என்னை விட்டால் அவருக்கு ஆள் இல்லை. கீரிமலையில் இருந்த வீட்டைச் சண்டைக்குப் பயந்து விட்டு ஓடிவந்து ஐந்து வருடமாக ஒற்றை அறையில் குடியிருந்த எனக்கும் அந்த வேலையை விட்டால் வேறு பிடிப்பு இல்லை. ஆகவே எல்லோரும் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டோம்.

தனித்தனி எழுத்துகளோடு நிற்கும்வரை பாடம் நன்றாகத்தான் போகும். ஒரு எழுத்துக்கு ஒரு சத்தம் என்றால் தமிழ்ப் பிள்ளைக்கு அதில் கஷ்டமே இல்லை. இரண்டு எழுத்துகள் சேர்ந்து, இரண்டிலும் இல்லாத மூன்றாவது சத்தம் ஒன்றைப் போடும் இடத்தில்தான் வண்டி குடைசாயும். எஸ்ஸும் எச்சும் சேர்ந்தால் ‘ஷ்’. சீயும் எச்சும் சேர்ந்தால் ‘ச்ச்’. ரீயும் எச்சும் சேர்ந்தால் நாக்கு நுனியைப் பல்லுக்கு நடுவில் வைத்து மெல்ல ஊதவேண்டும். அந்தச் சத்தத்தை எழுத நம்மிடம் எழுத்தே இல்லை.

“ரெண்டு பேர் நிண்டுகொண்டு ஏன் ரீச்சர் ஒராள் மாதிரிக் கதைக்கினம்?” என்று ஒரு பொடியன் கேட்டான்.

“வெள்ளைக்காரனைக் கண்டால் கேட்டு எனக்கும் சொல்லு” என்றேன். வகுப்பு சிரித்தது. உண்மையில் எனக்கும் அதற்குப் பதில் தெரியாது.

பிள்ளைகள் கேட்டுப் பழக வழியில்லாமல் இருந்ததுதான் பெரிய தொல்லை. கரண்ட் போய் ஐந்து வருடம். பற்றரிக்குத் தடை, அந்தச் சாமானைக் கண்ணால் காண்பதற்கில்லை. வானொலியில் ஆங்கிலம் கேட்டு வளர்ந்த பிள்ளை என்று என் வகுப்பில் ஒன்றும் இல்லை. என் வாயிலிருந்து வருவதுதான் அவர்களுக்கு ஆங்கிலம். அந்த வாயோ பொம்மர் விமானத்தின் இரைச்சல் கேட்டால் பாதியில் நின்றுவிடும். எல்லோரும் பங்கர் குழிக்குள் போய்க் குந்தியிருந்துவிட்டு வந்தால், விட்ட இடம் ஒருவருக்கும் நினைவிருக்காது.

அந்தச் சித்திரையில் பள்ளிக்கூட முற்றத்து வேம்பு நன்றாகப் பூத்திருந்தது. செய்துதான் பார்ப்போமே என்று ஒருநாள் கொஞ்சம் பூவை அள்ளிவந்து ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையிலும் போட்டு, கையை வாய்க்கு முன்னால் பிடிக்கச் சொன்னேன். ‘ஷ்’ என்றால் பூ மெல்ல மெல்ல அரக்கி நகர்ந்து போகும். ‘ச்ச்’ என்றால் ஒரே துள்ளாகத் துள்ளி விழும். நாக்கைக் கடித்து ஊதினால் பூ சும்மா ஆடிவிட்டுக் கிடக்கும். காதால் பிடிபடாதது கண்ணால் பிடிபட்டது. அன்று முழுக்க வகுப்பறை வேப்பம்பூ வாசம். நான் ஒருவரையும் ஏசாத நாள் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஒருத்திக்கு மட்டும் சரிவரவில்லை. முன்வரிசை வாங்கில் இருந்த எட்டு வயதுப் பெட்டை. கெட்டிக்காரி, எழுத்து முத்து முத்தாக இருக்கும். நான் தொடங்குமுன்பே இரட்டை எழுத்துகள் அவளுக்குத் தெரிந்திருந்தன. ஆனால் ‘ஷிப்’ என்று சொல்லச் சொன்னால் ‘ச்சிப்’ என்பாள். பூ துள்ளி விழும். இன்னொரு பழக்கமும் இருந்தது. சொல்லின் தலை வேகமாக வரும், வால் தொய்ந்து இழுபடும். சொல்லி முடித்தபின் அடுத்த சொல்லுக்குப் போகாமல் எதையோ எதிர்பார்ப்பதுபோல் சும்மா நிற்பாள். பிறகுதான் அடுத்தது.

“என்ன வாயைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்? உது பிழை பிள்ளை. திருப்பிச் சொல்லு.”

“பிழையில்லை ரீச்சர்.”

“ஆர் சொன்னது?”

“அப்பா சரி எண்டு சொன்னவர்.”

அவளுடைய தகப்பன், அவள் தவழத் தொடங்கிய காலத்திலேயே கனடாவுக்குப் போனவர் என்பது ஊருக்கே தெரியும். எட்டு வயதில் என் முகத்தைப் பார்த்து இப்படி ஒரு பொய்யா என்று எனக்குக் கோபம் ஏறிவிட்டது. அவளை நிற்கவைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவள் அழவும் இல்லை, மாற்றவும் இல்லை. “அப்பா ஒவ்வொரு நாளும் சரி எண்டு சொல்லுறவர்” என்றாள். வகுப்பு விட்டதும் தாயைப் பார்த்து நாலு கதை கேட்பது என்று புறப்பட்டேன்.

தாய் குத்தகைக் காணியில் வெங்காயம் செய்பவள். என்னைவிட வயது குறைந்தவள். நான் போனபோது வீட்டுப் பின்விறாந்தையில் ஒரு சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு, அதற்குப் பக்கத்தில் பலகைக்கட்டையில் குந்தியிருந்து கையால் பெடலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பின்சில்லில் உரசிக்கொண்டிருந்த டைனமோவிலிருந்து ஒரு வயர் பழைய ரேப் ரெக்கோடர் ஒன்றுக்குப் போனது. அந்தக் காலத்தில் எங்கள் ஊர்களில் செய்தி கேட்பதும் பாட்டுக் கேட்பதும் இப்படித்தான். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மகள் ரேப்புக்கு முன்னால் சம்மணம் கட்டி இருந்தாள். இருவரும் என்னைக் காணவில்லை.

ரேப்பிலிருந்து ஒரு ஆண்குரல் வந்தது. “குஞ்சு, இது ரெண்டு எழுத்துப் பாடம். எஸ், எச். ச்சிப். சொல்லுங்கோ.”

பிறகு இடைவெளி. அந்த இடைவெளிக்குள் எங்கோ ஒரு அறையில் தண்ணீர்க் குழாய் திறந்து ஓடுவதும், யாரோ கோப்பை கழுவுவதும் கேட்டது. “ச்சிப்” என்றாள் மகள்.

“ம்ம், சரி. கெட்டிக்காரி” என்றது குரல்.

தாயின் கை களைக்கக் களைக்க அந்தக் குரல் தொய்ந்தது. அவள் மூச்சை இழுத்துத் திரும்ப வேகமாகச் சுற்ற, அந்த மனிசனும் உற்சாகம் வந்தவர்போல் விறுவிறு என்று கதைத்தார். மகள் அந்த ஏற்ற இறக்கத்தோடு அப்படியே சொன்னாள். மாதக்கணக்காக நான் ஏசிக்கொண்டிருந்த இழுவை, தாயின் கை களைப்பு. வாயைப் பார்க்கிறாய் என்று நான் கண்டித்த நிற்றல், தகப்பன் ‘சரி’ சொல்வதற்காகக் காத்திருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, ஆர்மேல் என்று தெரியாத கோபம்.

என்னைக் கண்டதும் தாய் எழும்பினாள். குரல் ஒரு முனகலோடு நின்றது. மகளைக் கடைக்கு அனுப்பிவிட்டு என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

“அவர் அங்கை பின்னேர வகுப்புக்குப் போய்ப் படிச்சதை இவளுக்கெண்டு பதிஞ்சு, வந்த ஒராளிட்டைக் குடுத்துவிட்டவர். அது ரெண்டு வரியத்துக்கு முந்தி. இப்ப கடிதமும் நிண்டு போச்சு ரீச்சர். சனம் என்னென்னவோ கதைக்குது.”

“பிள்ளைக்கு என்ன சொல்லி வைச்சிருக்கிறீங்கள்?”

அவள் வாளிக் கயிற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “இங்கிலீசு வடிவா வாசிச்சா அப்பா அங்கை கூப்பிடுவார் எண்டு.”

“ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?”

“வேறை என்னத்தைச் சொல்ல?”

நான் சூடாக ஏதோ சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன். அவள் சொன்ன வார்த்தையின் மறுபக்கம் எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தகப்பன் கூப்பிடாவிட்டால், தான் வடிவாக வாசிக்காததால்தான் என்று அந்தப் பிள்ளை நினைக்கும். ஆயுள் முழுக்க நினைக்கும். அதுவரை எனக்கு இரட்டை எழுத்து என்பது மூன்றாம் வகுப்புப் பாடம். இப்போது அதன்மேல் ஒரு குடும்பமே ஏறி இருந்தது.

வாசல் படலைவரை வந்தவள், “அவர் சொன்னது பிழை எண்டு மட்டும் அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. தேப்பன் எண்டு அவளுக்கு இருக்கிறது உந்தக் குரல் மட்டும்தான்” என்றாள்.

சரியாகச் சொல்லிக்கொடுக்கவேண்டும், ஆனால் பிழை என்று சொல்லக்கூடாது. என் சுபாவத்துக்கு இதைவிடக் கஷ்டமான வேலையை ஒருவரும் தந்ததில்லை. அடுத்த நாளிலிருந்து நான் தீர்ப்புச் சொல்வதை நிறுத்திவிட்டு வேப்பம்பூவிடம் விட்டேன். “பூ அரக்குதோ, துள்ளுதோ எண்டு நீயே பார்” என்பேன். இடைவேளையிலும் அவள் உள்ளங்கையில் பூவோடு வேம்படியில் நின்றாள். துள்ளியது, துள்ளியது, துள்ளிக்கொண்டே இருந்தது. ஒருநாள் பூ விரல்நுனிவரை மெல்ல நகர்ந்துபோய் விழுந்தது. அவள் என்னைத் தேடி ஓடிவந்தாள். “ஷிப்” என்றாள். இழுவை இல்லை. எனக்கு உண்மையாகவே நெஞ்சு நிறைந்தது. அவள் தலையைத் தடவினேன், அப்படிச் செய்கிற ஆள் இல்லை நான்.

ஆனால் அவள் முகத்தில் சந்தோசம் நிற்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். “அப்ப அப்பா பிழையோ ரீச்சர்?”

நான் பயந்துகொண்டிருந்த கேள்வி. “அங்கை வேம்பு இல்லைப் பிள்ளை. பனிக்குளிருக்கை வேம்பு நிக்காது. பூ இல்லாமல் உது பழகேலாது” என்றேன்.

அதை அவள் நம்பினாளா தெரியாது. பிறகு, “அப்ப நான் அனுப்பலாந்தானே” என்றாள்.

அப்படித்தான் கசற் அனுப்பும் எண்ணம் வந்தது. அயலில் ஒரு பெண், மகனைப் பார்க்கக் கொழும்புக்குப் போவதற்கு அனுமதிப் பாஸ் எடுத்து வைத்திருந்தாள். அங்கிருந்து தபாலில் போடுவதாக ஒப்புக்கொண்டாள். விலாசம் பழையதுதான், இருந்த விலாசம் அது ஒன்றே. வெற்றுக் கசற்றுக்கு அச்சுவேலிச் சந்தியில் ஏறாத கடையில்லை. கடைசியில் தாய் உள்ளே போய் ஒரு கசற்றை எடுத்துக்கொண்டு வந்தாள். அதில் இருந்தது அவளுடைய கலியாணத்தில் வாசித்த மேளம், அளவெட்டியிலிருந்து கூப்பிட்ட நாதஸ்வரம், யாரோ சொந்தக்காரர் ரேப்பில் பதிந்தது.

“இதுக்கு மேலை பதிவமோ?” என்று கேட்டேன்.

“கலியாணம் நடந்தது எனக்குத் தெரியுந்தானே. மேளம் வேணுமே சாட்சிக்கு?” என்று சிரித்தாள். அவள் சிரித்ததை நான் கண்டது அந்த ஒரு தடவைதான்.

பதிவதில் ஒரு சிக்கல் இருந்தது. பெடல் ஒரே சீராகச் சுற்றவேண்டும். இங்கே கை தொய்ந்தால், அங்கே ஒழுங்கான கரண்டில் போட்டுக் கேட்கும்போது பிள்ளையின் குரல் கோழிக்குஞ்சு கத்துவதுபோல் கீச்சிடும். தாய் பக்கத்தில் இருந்து தைரியம் சொல்லட்டும், நான் சுற்றுகிறேன் என்று வீராப்பாக இருந்தேன். இரண்டு நிமிடத்தில் தோள்மூட்டுக் கழன்றுபோயிற்று. தாய் என்னை எழுப்பிவிட்டுத் தானே பெடலடியில் குந்தினாள். வருடக்கணக்காகப் புருசனின் குரலைச் சுற்றிப் பழகிய கை அது. இரைச்சல் பதியாதபடி சைக்கிளை அடுப்படிக் குசினிக்குள் தள்ளி, தாயை அதனடியில் விட்டு, வயரை நீட்டி, கதவைச் சாத்தினோம். அப்படியும் சில்லின் இரைச்சல் கொஞ்சம் கேட்டது.

நான் தெரிந்தெடுத்துக் கொடுத்த ஒரு பக்கத்தை அவள் வாசிப்பாள் என்றுதான் இருந்தேன். அவள் தாளைக் கவிழ்த்து வைத்தாள். வாயை ரேப்புக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

“அப்பா, இது ரெண்டு எழுத்துப் பாடம். பெட்டிக்குள்ளை வேப்பம்பூ வைச்சிருக்கிறன். அதைக் கையிலை போட்டு வாய்க்கு முன்னுக்குப் பிடியுங்கோ. எஸ், எச். ஷிப். சொல்லுங்கோ.”

நிறுத்தினாள். தகப்பன் எவ்வளவு இடம் விடுவாரோ அவ்வளவு இடம். முற்றத்தில் ஒரு காகம் கத்தியது. குசினிக்குள் சில்லு சுற்றிக்கொண்டிருந்தது.

“ம்ம், சரி. கெட்டிக்காரன்” என்றாள். “இனி சீ, எச். ச்சேர். சொல்லுங்கோ.”

இரண்டாவது இடைவெளியில் பலாலிப் பக்கமாக ஷெல் ஒன்று விழுந்து வெடித்தது. தூரத்தில்தான், ஆனால் ஓடு அதிர்ந்தது. குசினிக்குள் சில்லின் இரைச்சல் ஒரு கணம் தளம்பியது. நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. காத்திருக்கவேண்டிய நேரம் முழுவதும் காத்திருந்துவிட்டு, “ம்ம், சரி” என்றாள். நான் உயர்த்திய கையை இறக்கிக்கொண்டேன்.

இப்படியே எல்லாச் சோடியும் முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் இடம் விட்டாள், ஒவ்வொன்றுக்கும் சரி சொன்னாள். பதிந்ததைப் போட்டுப் பார்த்தோம். குரல் நன்றாக வந்திருந்தது. அவளுடைய கடைசிச் ‘சரி’ முடிந்த கையோடு, நாங்கள் மறந்துபோயிருந்த கலியாண மேளம் உச்சத்தில் பிடித்துக்கொண்டது. தாய் சுற்றுவதை விட்டாள். நாதஸ்வரம் தொய்ந்து தொய்ந்து நின்றது. வடகத்துக்கென்று காயவைத்திருந்த வேப்பம்பூவில் ஒரு பிடியைக் கடதாசியில் மடித்து, மகள் கசற் பெட்டிக்குள் வைத்தாள்.

அந்த அயல்பெண் கொழும்பிலிருந்து கடிதம் போட்டிருந்தாள், கசற்றைத் தபாலில் சேர்த்துவிட்டதாக. அதன்பிறகு ஒன்றும் இல்லை. ஆடி போனது, ஆவணி போனது. ஒவ்வொரு நாளும் காலையில் அவள் என் முகத்தைப் பார்ப்பாள். என்னிடம் எதுவும் இருக்காது. பதில் வராத நாள் ஒவ்வொன்றையும் அவள் தன் வாசிப்பின்மேல் போட்டுக்கொள்கிறாள் என்று எனக்குப் பட்டது. கேட்கப் பயந்தேன். பாடத்தில் சும்மா சும்மா அவளைப் பாராட்டினேன். அவளுக்கும் அது தெரிந்திருக்கவேண்டும்.

ஐப்பசி மழைக்குள், ஆமி நெருங்கி வர, வலிகாமத்துச் சனம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. அதை நான் இங்கே எழுதப்போவதில்லை, நடந்தவர்களுக்குத் தெரியும். சில கிழமைகளுக்குப் பிறகு, அகதிகளால் நிரம்பிக் கிடந்த பள்ளிக்கூடம் ஒன்றில் தண்ணீருக்கு வரிசையில் நின்றபோது பின்னால் யாரோ என் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். அவள்தான். மெலிந்திருந்தாள். தாய் மாமரத்தடியில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். சைக்கிளில் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்ததாம். ரேப்பையும் தகப்பனின் கசற்றையும் கொண்டுவர முடியவில்லையாம்.

என்னால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. அவளை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய், “அப்பா பதில் போடேல்லை எண்டா அது உன்ரை வாசிப்பாலை இல்லை, விளங்குதோ? நீ வடிவாத்தான் சொன்னனீ. ஒரு பிழையும் இல்லை” என்றேன். ஆறுதலாகச் சொல்ல நினைத்தது ஏசுவதுபோல்தான் வந்தது.

“எனக்குத் தெரியும் ரீச்சர்.”

“என்ன தெரியும்?”

“வாசிச்சதுக்கும் கூப்பிடுறதுக்கும் ஒண்டுமில்லை எண்டு. அம்மா சும்மா சொன்னவ.”

அவள் எப்போதிலிருந்து இதைத் தெரிந்து வைத்திருந்தாளோ. பேச்சை மாற்றுவதற்காக, அன்றிலிருந்து மனதில் கிடந்ததைக் கேட்டேன். “அண்டைக்கு நீ ஒவ்வொண்டுக்கும் சரி, சரி எண்டு சொன்னாய். அங்கை அப்பா பூவைத் துள்ள வைச்சுப் பிழையாச் சொல்லியிருந்தா?”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்பாவுக்கும் நான் சொன்னது கேக்கேல்லைத்தானே ரீச்சர். எண்டாலும் சரி எண்டு சொன்னவர்.”